நள்ளிரவு இன்ஜினுக்கு எந்த எரிபொருள்?

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டு ஜன்னல் எம்ஆர்டி எனப்படும் பெருவிரைவு ரயிலின் மேம்பாலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பகலெல்லாம் ஓடும் ரயில்களின் சத்தம் காதுக்குப் பழகிவிட்டது. அது நின்றால்தான் எழுந்து பார்க்கத் தோன்றும். பழகாத சத்தம் ஒன்று உண்டு. சில இரவுகளில் இரண்டு மணிக்கு மேல் மஞ்சள் விளக்கு சுழல, திறந்த வண்டிகள் இரண்டு மூன்றை இழுத்துக்கொண்டு ஒரு டீசல் இன்ஜின் ஊர்ந்து வரும். வந்து நிற்கும். நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரம் உறுமிக்கொண்டிருக்கும்.

முழுக்க மின்சாரத்தில் ஓடும் ரயில் பாதையில் டீசலுக்கு என்ன வேலை? 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து எம்ஆர்டிக்கு மின்சாரம்தான். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்குப் பாதைகளில் ஓரமாகச் செல்லும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட். வடகிழக்குப் பாதையில் தலைக்கு மேலே 1,500 வோல்ட் கம்பி. கடைசி ரயில் போனபின் அந்த மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள். அணைத்தால்தான் ஆட்கள் பாதையில் இறங்க முடியும். ஆகவே மின்சாரப் பாதையைப் பழுதுபார்க்கப் போகிற இன்ஜினுக்கு மட்டும் அந்த மின்சாரம் கிடையாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கட்டுச்சோறு எதுவாக இருக்கலாம் என்பதே இங்கே கேள்வி.

இது சின்ன விஷயம் அல்ல. வடக்கு தெற்கு, கிழக்கு மேற்குப் பாதைகளில் தண்டவாளத்தைத் தாங்கியிருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு 1,88,000 கான்கிரீட் கட்டைகளைப் பதிக்கும் வேலை 2016 இறுதியில்தான் முடிந்தது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் இடையே கிடைக்கும் மூன்று மணி நேரச் சொச்சத்தில், இரவுக்குக் கொஞ்சமாகச் செய்து முடித்த வேலை அது. தண்டவாளத்தில் இறங்கி வேலை செய்பவர்களில் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஏராளம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர், சுரங்கப் பாதையில் வேலை முடித்துவிட்டு முகம் துடைத்த கைக்குட்டையை ஒருமுறை விரித்துக் காட்டினார். சொல்ல ஒன்றுமில்லை, கரிதான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் அறிவித்தது. திறந்த மேம்பாலத்தில் காற்றோடு கலந்துவிடும் புகையும் சுரங்கத்துக்குள் தங்கும் புகையும் ஒன்றல்ல. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: காசும் கரியமில வாயுவும் மட்டும் பார்க்கும் கணக்குப் புத்தகத்தில் கைக்குட்டைக்குப் பத்தி கிடையாது.

ஒப்பிடுவதற்கு ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன். எந்த நிறுவனத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்ததல்ல. கணக்குப் போட வசதியாக நானே வைத்துக்கொண்ட எண்கள். இன்ஜின் ஓர் இரவில் 60 லிட்டர் டீசல் குடிக்கிறது. சக்கரத்தில் உண்மையாகச் செய்யும் வேலை 100 யூனிட். ஆண்டுக்கு 300 இரவு. டீசல் லிட்டர் 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மின்சாரம் யூனிட்டுக்கு 25 காசு. விலை மாறினால் விடையும் சற்று நகரும். வரிசை அநேகமாக மாறாது.

டீசலிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 யூனிட் சக்தி இருக்கிறது. எந்திரம், ஜெனரேட்டர், மோட்டார் என்று ஒவ்வொரு படியிலும் இழந்து, சக்கரத்துக்கு வருவது நன்றாக ஓடும்போதே 3 யூனிட்தான். அப்படியானால் 100 யூனிட் வேலைக்கு 33 லிட்டர் போதும். மீதி 27 லிட்டர்? எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்ற இடத்தில் உறுமுகிறதே, அதற்கு. லிட்டருக்கு 2.7 கிலோ கரியமில வாயு வீதம் ஓர் இரவுக்கு 162 கிலோ. செலவு 120 வெள்ளி, ஆண்டுக்கு 36,000 வெள்ளி. மில்லியன் கணக்கில் விலை போகும் ஓர் இன்ஜினுக்கு இந்த எரிபொருள் செலவு பெரிய தொகை இல்லை. சரக்கு ரயில் இன்ஜினில் எரிபொருள்தான் முதல் செலவு. நள்ளிரவு இன்ஜினில் இரும்பும் ஆளும்தான் முதல் செலவு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடக்கும் எரிபொருள் விவாதங்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாமல் போவது இதனால்தான்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. கரியமில வாயு டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 ஆயிற்று, 2026இல் 45 ஆகிறது. டீசலுக்கு இனிக் கெட்ட காலம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வாகன டீசல் இந்த வரிக்குள் வராது. அதற்கு ஏற்கெனவே தீர்வை இருக்கிறது, 2019 முதல் லிட்டருக்கு 20 காசு. அதை டன் கணக்கில் மாற்றினால் 74 வெள்ளி. கரிம வரி வந்து சேர்வது மின் கட்டணத்தில், யூனிட்டுக்கு ஏறக்குறைய 2 காசு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் எந்தப் பக்கமும் தராசைச் சாய்க்கிற அளவுக்கு இல்லை.

அடுத்தது மின்கலம். இதன் பலமே சிங்கப்பூர் இரவுக்கு ஏற்ற பலம். நிற்கும்போது மோட்டார் எதையும் எடுத்துக்கொள்ளாது. மின் நிலையத்திலிருந்து சக்கரம் வரை இழப்பெல்லாம் போக, 100 யூனிட் வேலைக்கு 130 யூனிட் வாங்கினால் போதும். செலவு 33 வெள்ளிக்குள் முடியும். கரியமில வாயு? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நம் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாவது. யூனிட்டுக்குச் சுமார் 0.41 கிலோ. ஆகவே 130 யூனிட்டுக்கு 53 கிலோ. பூஜ்யம் இல்லை, ஆனால் டீசலில் மூன்றில் ஒரு பங்கு. 'புகையில்லா இன்ஜின்' என்று விளம்பரம் செய்வார்கள். புகை ஜூரோங் தீவுக்கும் துவாஸுக்கும் இடம் மாறியிருக்கிறது, குறைந்தும் இருக்கிறது. சுரங்கத்துக்குள் இருப்பவருக்கு இந்த இடமாற்றமே பெரிய விஷயம்.

மின்கலத்தைச் செய்வதிலும் கரி உண்டு என்ற ஆட்சேபம் நியாயமானது. 400 யூனிட் கொள்ளும் மின்கலம், யூனிட்டுக்கு 100 கிலோ என்று தாராளமாகவே வைத்தாலும் 40 டன். ஓர் ஆண்டுச் சேமிப்பு 33 டன். ஒன்றேகால் ஆண்டில் கடன் அடைந்துவிடுகிறது.

எடை? விமானத்துக்கும் காருக்கும் மின்கலத்தின் எடை சுமை. ரயில் இன்ஜினுக்கு அது தேவை. கனம் இல்லாத இன்ஜினின் சக்கரம், மழை பெய்த மேம்பாலத்தில் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும். அதற்காகவே இரும்புப் பாளங்களை ஏற்றி எடை கூட்டுவது உண்டு. பாளத்துக்குப் பதில் மின்கலம் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

சக்தி போதுமா என்பதையும் ஒரு கை பார்த்துவிடலாம். பழுதாகி நின்ற ரயில், இன்ஜின் எல்லாம் சேர்த்து 300 டன். அதை 30 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏற்ற எவ்வளவு வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியல்தான்: 25 யூனிட்டுக்குள். உரசலும் விரயமும் சேர்ந்தால் 40. நம் பாதைகள் குட்டையானவை, பணிமனை எங்கும் தொலைவில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனம் கடக்கும் இன்ஜினுக்கு மின்கலம் கைகொடுக்காமல் போகலாம். பீஷான் பணிமனையிலிருந்து ஈசூன் வந்து திரும்பும் இன்ஜினுக்கு அந்தக் கவலை எதற்கு? கலிஃபோர்னியாவில் 2021இல் வாப்டெக் நிறுவனத்தின் மின்கல இன்ஜினை டீசல் இன்ஜின்களோடு சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது எரிபொருள் 11 விழுக்காடு மிச்சமானது. கேட்பவர் அதைச் சொற்பம் என்று நினைக்கக்கூடும். அது நெடுந்தூரச் சரக்கு ரயில். நம் வேலை வேறு.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது, இதை யாரும் பேசக் கேட்டதில்லை. பராமரிப்பு இன்ஜின் இரவில் உழைத்துப் பகலில் சும்மா நிற்கிறது. சூரிய மின்சாரம் பகலில் கிடைத்து இரவில் போய்விடுகிறது. பணிமனைக் கூரையில் சூரியத் தகடு, கீழே மின்னேற்றிக்கொண்டு நிற்கும் இன்ஜின். மின்சாரக் காருக்குக்கூட இவ்வளவு ஒத்துப்போகும் கால அட்டவணை கிடையாது. அது பகலில் அலுவலகம் போய்விடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிளமெண்டி பக்கம் ஒரு ரயிலின் சக்கரப் பகுதி கழன்று விழுந்து 2.5 கிலோமீட்டருக்கும் மேல் பாதை சேதமானது. தண்டவாளம் 46 இடங்களில் உடைந்தது. சேவை முழுமையாகத் திரும்ப அக்டோபர் 1 ஆயிற்று. அப்படிப்பட்ட நாள்களில் வேலை மூன்று மணி நேரம் அல்ல, இரவும் பகலும். டீசல் என்றால் ஒரு டாங்கி கொண்டுவந்து ஊற்றிவிட்டு அடுத்த நிமிடமே கிளம்பலாம். மின்கலம் என்றால் காத்திருக்க வேண்டும். வருடத்தில் 300 இரவுக்காகவா, பத்து வருடத்தில் ஒருமுறை வரும் ஆறு நாளுக்காகவா வண்டி வாங்குவது? இரண்டுக்குமாக என்பதே என் பதில்: மின்கலம் முதன்மை, கூடவே அவசரத்துக்குச் சின்ன டீசல் எந்திரம். இரண்டும் கலந்த இன்ஜின்கள் உலகச் சந்தையில் புதியவை அல்ல.

ஹைட்ரஜனுக்கு வருகிறேன். நான்கு வருடங்களாக எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் நடு மேடையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி இதுதான். நம் நாட்டின் 2022 ஹைட்ரஜன் திட்டமே, 2050இல் மின்சாரத் தேவையில் பாதி வரை இதிலிருந்து வரலாம் என்கிறது. குறைசொல்ல வரவில்லை, ஆனால் இந்த இன்ஜினுக்கு வேண்டாம். ஒரு கிலோ ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரித்தெடுக்க 55 யூனிட் மின்சாரம், அழுத்தி உருளையில் அடைக்க மேலும் சில. 60 என்று வைப்போம். அந்த ஒரு கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட். எரிபொருள் கலத்தில் மறுபடி மின்சாரமாக மாறும்போது பாதி போய்விடும். சக்கரத்துக்கு 15. நாலு ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்குகிற வியாபாரம். நம் கணக்கு இரவுக்கு ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம் ஆகும்; இன்றைய சிங்கப்பூர் மின்சாரத்தில் செய்தால் கரியமில வாயு 164 கிலோ. டீசலுக்கு 162. அதாவது நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு வீணாக்கும் அந்தப் பழைய இன்ஜினும் இதுவும் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரச் செலவே 100 வெள்ளி. ஆலை, உருளை, நிரப்பு நிலையம் எல்லாம் தனி.

இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் சாதாரண ஹைட்ரஜன் என்றால், கிலோவுக்கு 10 கிலோ கரியமில வாயு வீதம், இரவுக்கு 67 கிலோ. மின்கலத்தின் 53ஐ அதுவும் எட்டவில்லை. உண்மையான பசுமை ஹைட்ரஜனை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரலாம். கொண்டுவந்தால் ரசாயன ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் கொடுக்கட்டும். அவர்களுக்கு வேறு வழி குறைவு.

வெளிநாட்டு அனுபவமும் இதையேதான் சொல்கிறது. ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில் 2018இல் உலகின் முதல் ஹைட்ரஜன் பயணிகள் ரயில் சேவைக்கு வந்தது. 2022இல் 14 ரயில்கள். அதே மாநிலம் அடுத்து வாங்க முடிவெடுத்தவை மின்கல ரயில்கள். அதே நாட்டின் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலம் நடத்திய ஆய்வில், மின்கலத்தையும் மின்கம்பியையும்விட ஹைட்ரஜன் 80 விழுக்காடு வரை அதிகச் செலவு வைக்கும் என்று தெரிந்து ஒதுக்கிவிட்டார்கள். இந்தியாவில் ஹரியானாவின் ஜிந்த் முதல் சோனிபத் வரை ஓடுவதற்கான ஹைட்ரஜன் ரயிலைச் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை உருவாக்கியது. நம்மவர்கள் கட்டியது என்பதில் எனக்கும் பெருமை உண்டு. பாரம்பரிய மலைப்பாதைகளுக்கென்று இந்திய ரயில்வே போட்ட மதிப்பீட்டில் ஒரு ரயிலுக்கு 80 கோடி ரூபாய், ஒரு பாதையின் தரைக் கட்டமைப்புக்கு 70 கோடி. மின்கம்பி கட்ட முடியாத மலைக்கு அதில் நியாயம் இருக்கலாம். தரைக்கட்டமைப்புக்கு மட்டும் 70 கோடி கேட்கும் எரிபொருளை ஆண்டுக்கு 36,000 வெள்ளி டீசல் குடிக்கும் இன்ஜினுக்கு வைப்பது, பூனைக்குப் பால் ஊற்ற மாட்டுப் பண்ணை வாங்குவது. சுரங்கப் பாதையின் கூரைக்கடியில் கசிந்த ஹைட்ரஜன் சேர்ந்து நிற்கும் அபாயத்தை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

எரிவாயுவை விரைவாகத் தாண்டிவிடலாம். ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் 2013 முதல் இயங்குகிறது; கைக்கெட்டும் தூரம்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு ரயில்வே தன் சரக்கு இன்ஜின்களை அதையும் டீசலையும் கலந்து ஓட்டுகிறது. இந்தியா 2015இல் ரெவாரி, ரோத்தக் இடையே டீசலோடு அழுத்தப்பட்ட எரிவாயுவும் கலந்து ஓடும் ஒரு பயணிகள் ரயிலை விட்டது. அதே சக்திக்கு டீசலைவிடக் கரியமில வாயு கால்வாசி குறைவு. ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் தப்பினாலே அந்தக் கால்வாசி கரைந்துவிடும். அதே வாயுவை மின் நிலையத்தில் எரித்து மின்கலத்தில் ஏற்றினால் பலன் அதிகம் என்னும்போது, எதற்காக அதைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோக வேண்டும்?

நான் உண்மையில் தடுமாறியது புதுப்பிக்கத்தக்க டீசலில்தான். இது பழைய பயோடீசல் அல்ல. பயோடீசலில் தண்ணீர் சேரும், பாசி பிடிக்கும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும்; நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது ஆகாத சேர்க்கை. புதுப்பிக்கத்தக்க டீசல் என்பது எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்து எடுப்பது. இருக்கும் இன்ஜினில் அப்படியே ஊற்றலாம், கரித்துகளும் குறைவு. இதைச் செய்யும் உலகின் பெரிய ஆலைகளில் ஒன்று நம் துவாஸில் இருக்கிறது. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனத்துடையது, 2010இல் தொடங்கியது, 2023இல் விரிவாக்கியபின் ஆண்டுக்கு 26 லட்சம் டன் தயாரிக்கும் திறன் கொண்டது. கழிவுச் சமையல் எண்ணெயும் அதன் மூலப்பொருள்களில் ஒன்று. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வடை சுட்ட எண்ணெய் நள்ளிரவில் தண்டவாளம் சுமக்கும் என்று நினைத்துப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. இதன் விலையை லிட்டருக்கு 3 வெள்ளி என்று வைக்கிறேன். லிட்டருக்குச் சக்தி சற்றுக் குறைவு, ஆகவே 60க்குப் பதில் 63 லிட்டர். இரவுக்கு 69 வெள்ளி கூடுதல், ஆண்டுக்கு 20,700. மூலப்பொருள் முதல் புகைபோக்கி வரை 80 விழுக்காடு குறைகிறது என்று கொண்டால் ஆண்டுச் சேமிப்பு 39 டன். ஒரு டன்னைக் குறைக்க 530 வெள்ளி! கரிம வரி 45 வெள்ளியில் நிற்கும் நாட்டில் இது பெரிய தொகை. இதோடு இன்னொரு மனச்சங்கடம்: இதே எண்ணெய்க்கு விமானங்களும் போட்டி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களின் எரிபொருளில் 2026 முதல் 1 விழுக்காடு நீடித்த நிலைத்தன்மை வாய்ந்ததாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நெடுந்தூர விமானத்துக்கு மின்கலம் உதவாது; ரயிலுக்கு உதவும். பழைய எண்ணெய் உலகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை வழியில்லாதவனுக்கு விடுவதே முறை.

அப்படியானால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியவில்லை, கைக்குட்டை நினைவுக்கு வருகிறது. இன்னும் எட்டுப் பத்து ஆண்டு ஆயுள் உள்ள டீசல் இன்ஜினை உடனே உடைத்துப் போடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. சுரங்கத்துக்குள் போகிற பழைய இன்ஜின்களுக்கு மட்டும் இதை ஊற்றலாம், மேம்பாலத்தில் மட்டும் ஓடுபவற்றுக்கு வேண்டியதில்லை. அந்த 20,700 வெள்ளியைக் கரியமில வாயுவின் பெயரில் எழுதாமல் தொழிலாளர் உடல்நலத்தின் பெயரில் எழுதினால் எனக்கு உறுத்தல் இல்லை. புதிதாக வாங்குவது என்றால் மின்கலமும் சிறு டீசலும் சேர்ந்தது. எரிபொருளில் ஆண்டுக்கு 26,000 வெள்ளி மிச்சமாகும்; கூடுதல் விலையை அது மட்டுமே ஈடுகட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஈடுகட்ட வேண்டும் என்று கேட்பதே தவறு என்பது என் கட்சி. அலுவலகத்துக்குக் குளிர்சாதனம் வாங்கும்போது அது எத்தனை வருடத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும் என்று யாரும் கேட்பதில்லை.

உட்லண்ட்ஸுக்கு வரும் மலாயன் ரயில்வேயின் தெப்ராவ் ரயிலையும் டீசல் இன்ஜின்தான் இழுத்து வந்திருக்கிறது. ஐந்து நிமிடப் பயணம். அங்கே எரிபொருள் ஒப்பீட்டுக்கே வேலை இல்லை. உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவையும் சேர்க்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் இணைப்பு மின்சார ரயிலோடு வந்து அந்தக் கேள்வியை முடித்துவைக்கிறது. ஓயாமல் ஓடும் பாதைக்கு மின்சாரத்தைப் பாதையிலேயே கொடுத்துவிடுவதை மிஞ்ச எந்த எரிபொருளும் இல்லை. தேர்வு என்ற தலைவலி மின்சாரத்தை அணைக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான்.

டெண்டர், ஆய்வு, சோதனை ஓட்டம் எல்லாம் முடிந்து புது இன்ஜின் வர மூன்று நான்கு ஆண்டாவது ஆகும். அதுவரை அந்த 27 லிட்டர் இருக்கிறதே. நின்ற பிறகும் எந்திரத்தை அணைக்காததற்கு ஓட்டுநரின் சோம்பல் காரணமல்ல. அணைத்தால் பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தம் இறங்கும், கிரேன் நிற்கும், வேலை விளக்கு அணையும். அவற்றுக்கு மட்டும் ஒரு சிறிய மின்கலமும் மின்சாரக் காற்றழுத்தியும் பொருத்திவிட்டால் பெரிய எந்திரத்தை அணைத்துவிடலாம். பாதி மிச்சமானாலும் இரவுக்கு 27 வெள்ளி, 36 கிலோ. பழைய இன்ஜினிலேயே செய்யக்கூடிய வேலை. அந்த முக்கால் மணி நேரம் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும்.